மந்திரம் உரிமையாவது எவ்வாறு? ‘கார்ட்கேப்டர் சகுரா’வில் சிறுமியும் வளர்ச்சியும்

ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமேஷனில் ‘மந்திரச் சிறுமி’ எனப்படும் கதைவகை 1960களின் நடுவில் தோன்றி இன்றுவரை தொடர்ந்து வருகிறது. பத்து வயதை ஒட்டிய ஒரு பெண் குழந்தைக்கு எவ்வாறோ மந்திர ஆற்றல் வாய்ப்பதும், அதை வீட்டாருக்கும் பள்ளித் தோழருக்கும் தெரியாமல் மறைத்துக்கொண்டு அவள் அன்றாடச் சிக்கல்களைத் தீர்ப்பதும், கதை முடியும் வேளையில் அந்த ஆற்றலை அவள் இழப்பதும் இவ்வகையின் பழைய அமைப்பாகும். மந்திரம் குழந்தைமைக்கு உரியது, அது நீங்கினாலன்றிச் சிறுமி வளர்ந்தவளாக முடியாது என்னும் கருத்து இவ்வமைப்பின் அடியில் கிடக்கிறது. அந்தக் கருத்தை வெளிப்படையாக எதிர்க்காமலேயே உள்ளிருந்து மாற்றியமைத்த படைப்பாகக் ‘கார்ட்கேப்டர் சகுரா’வைக் கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கிளாம்ப் என்னும் பெண் ஓவியர் குழு வரைந்த இக்கதை, கொடன்ஷா பதிப்பகம் சிறுமியருக்காக நடத்தும் ‘நகயோஷி’ மாத இதழில் 1996 முதல் 2000 வரை மாங்காவாக, அதாவது தொடர் சித்திரக் கதையாக, வெளிவந்து 12 தொகுதிகளாக நூலுருப் பெற்றது. மேட்ஹவுஸ் நிறுவனம் அசாகா மோரியோவின் இயக்கத்தில் உருவாக்கிய அனிமே வடிவம், ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் செயற்கைக்கோள் அலைவரிசையில் 1998 ஏப்ரல் 7 முதல் 2000 மார்ச் 21 வரை 70 பகுதிகளாக ஒளிபரப்பானது. கதையின் நாயகி கினொமோட்டோ சகுரா, தொமொஎதா என்னும் கற்பனை ஊரில் நான்காம் வகுப்பில் படிக்கும் பத்து வயதுச் சிறுமி. தொல்லியல் பேராசிரியரான தந்தையின் நூலறையில் கிடந்த ஒரு பழைய புத்தகத்தை அவள் திறக்க, குளோ ரீட் என்னும் மந்திரவாதி முன்னொரு காலத்தில் படைத்து அதனுள் அடைத்து வைத்திருந்த மந்திரச் சீட்டுகள் காற்றில் பறந்து ஊரெங்கும் சிதறுகின்றன. அவற்றை மீட்டுச் சேர்ப்பது கதையின் முதற்பாதி. சேர்த்தவற்றைத் தன்னுடையவையாக மாற்றுவது இரண்டாம் பாதி. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டில்தான் படைப்பின் கருத்து முழுவதும் அடங்கியிருக்கிறது.

கதைவகையின் மரபு

இவ்வகையின் தொடக்கமாகப் பொதுவாகச் சுட்டப்படுவது, யோகோயாமா மிட்சுதெருவின் மாங்காவை அடியொற்றித் தோயெய் நிறுவனம் தயாரித்து 1966 டிசம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘மந்திரக்காரி சாலி’ என்னும் தொடராகும். மனித உலகுக்கு வந்து வாழும் மந்திர நாட்டு இளவரசியே அதன் நாயகி. சூனியக்காரி ஒருத்தி சாதாரணக் குடும்பத்தலைவியாக வாழும் அமெரிக்க நகைச்சுவைத் தொடர் ஒன்று அப்போது ஜப்பானில் பெற்றிருந்த செல்வாக்கு இதன் பிறப்புக்குத் துணை நின்றது. 109 பகுதிகள் ஓடிய அத்தொடரின் முடிவில், தீப்பற்றிய பள்ளியைக் காக்க வெளிப்படையாக மந்திரத்தைப் பயன்படுத்தும் சாலி, தோழியரைப் பிரிந்து தன் நாட்டுக்குத் திரும்ப நேர்கிறது. 1969இல் வந்த ‘இரகசிய அக்கோ’வில் சாதாரண மனிதச் சிறுமிக்கு மந்திரக் கண்ணாடி ஒன்று கிடைக்கிறது; அதைக் கொண்டு அவள் விரும்பிய உருவத்தை எடுக்கலாம். பிறவியாலேயே மந்திரம் பெற்றவள், பொருளால் மந்திரம் பெற்றவள் என்னும் இவ்விரு மாதிரிகளே அடுத்த பல ஆண்டுகளுக்குக் கதைவகையின் அச்சாயின.

1980களில் உருமாற்றமே மந்திரத்தின் முதன்மைப் பணியாயிற்று. 1982இன் ‘மின்கி மோமோ’வில் சிறுமி தேவைக்கேற்பச் செவிலியாகவும் காவலராகவும் வேறு பல தொழில் புரியும் வளர்ந்த பெண்ணாகவும் மாறுகிறாள், 1983இன் ‘கிரீமி மாமி’யில் பத்து வயதுச் சிறுமி பதினாறு வயதுப் பாடகியாக மாறி ஓராண்டுக் காலம் மேடையேறுகிறாள். இரண்டிலும் மந்திரம் எதிர்கால வளர்ச்சியை முன்கூட்டியே கடனாகத் தருகிறது. தவணை முடிந்ததும் கடன் திரும்பப் பெறப்படுகிறது. மாமியின் ஆற்றல் ஓராண்டோடு தீர்கிறது. மோமோ 46ஆம் பகுதியில் சாலை விபத்தில் இறந்து, மந்திரம் இல்லாத மனிதக் குழந்தையாக மறுபடி பிறக்கிறாள். இவ்வகைக் கதைகளைப் பாலின நோக்கில் ஆராய்ந்த சைத்தோ குமிகோ, 2014இல் வெளியிட்ட கட்டுரையில், மந்திரமும் உருமாற்றமும் ஜப்பானியச் சமூகத்தில் மாறிவந்த பெண்மை வரையறைகளோடும், பொம்மைத் தொழிலின் நலன்களோடும் பிணைந்திருப்பதைக் காட்டியிருக்கிறார். அந்நோக்கில் பார்த்தால், மந்திரத்தின் இழப்பு கதையை முடிக்கும் உத்தியாக மட்டும் நின்றுவிடவில்லை. சிறுமிக்குரிய சுதந்திரம் காலவரையறைக்கு உட்பட்டது என்னும் சமூக உடன்பாட்டையும் அது வழிமொழிந்தது.

தக்கேயுச்சி நவோகோவின் ‘செய்லர் மூன்’ 1992 முதல் 1997 வரை 200 பகுதிகளாக ஓடியபோது இவ்வகை மற்றொரு திசையில் திரும்பியது. சிறுவருக்கான அணிப்போர்த் தொடர்களின் அமைப்பைச் சிறுமியர் கதையோடு சேர்த்து, உருமாற்றத்தைப் போர்க்கோலம் பூணுவதாக அது மாற்றியது. பெண்கள் கூடிப் போரிடுவதற்கு அது தந்த இடம் பெரியது என்றாலும், நாயகியின் ஆற்றல் முற்பிறவியில் அவள் இளவரசியாக இருந்ததிலிருந்து வருவதால், அவள் யாராக வேண்டும் என்பது கதை தொடங்குமுன்னரே முடிவாகிவிடுகிறது. கிளாம்ப் குழுவினர் இதே இதழில் 1993 முதல் 1996 வரை எழுதிய ‘மேஜிக் நைட் ரேயர்த்’ கதையும் போர் அமைப்பைக் கையாண்டது. ஆனால் காக்க வந்த இளவரசியையே கொல்ல நேரும் சிறுமியரின் துயரத்தை நடுவில் வைத்து, அவ்வமைப்பின் வெற்றிக் களிப்பை அது குலைத்தது. ஆகவே அடுத்த கதையில் அவர்கள் போரைக் கைவிட்டது தற்செயலாக நேர்ந்ததன்று எனக் கருத இடமுண்டு.

உருமாறாத உடல்

சகுரா உருமாறுவதில்லை. சீட்டுகளின் காவல் விலங்காகிய கெர்பெரோஸ் தரும் சாவி அவள் சொல்லுக்கு நீண்டு மந்திரக்கோலாகிறது. அவள் உடல் பத்து வயது உடலாகவே இருக்கிறது. அவள் வளர்ந்த பெண்ணாகவோ வீராங்கனையாகவோ தோற்றம் கொள்வதில்லை. சாவி மட்டுமே வடிவம் மாறுகிறது என்னும் இச்சிறு அமைப்பு, முந்தைய மரபின் முதன்மைக் கூறு ஒன்றைக் கழற்றிவிடுகிறது: வளர்ச்சியைக் கடனாக வாங்கும் வழி இங்கே அடைபட்டிருப்பதால், வளர வேண்டுமானால் அவள் உண்மையாகவே வளர வேண்டும்.

உருமாற்றம் போனாலும் ஆடை போகவில்லை. சீட்டு பிடிக்கச் செல்லும்போது சகுரா அணியும் விதவிதமான உடைகளை அவளுடைய தோழி டோமோயோ தன் கையாலேயே தைக்கிறாள். முந்தைய நாயகியருக்கு ஒளி வெள்ளத்தில் தானே வந்து பொருந்திய உடை, இங்கே ஒருத்தியின் உழைப்பாகவும் அன்பளிப்பாகவும் மாறியிருக்கிறது. அதை அணிந்துகொள்ள வெட்கப்பட்டாலும் தோழியின் மனம் கோணாதபடி சகுரா ஏற்றுக்கொள்கிறாள். மந்திரச் சிறுமியின் தோற்றம் மந்திரத்தால் வராமல் உறவால் வருகிறது என்பது இதன் பொருள். நாயகி எந்நேரமும் ஒரே கோலத்தில் தோன்றுவது பொம்மை விற்பனைக்கும், ஒருமுறை வரைந்த உருமாற்றக் காட்சியைப் பகுதிதோறும் மீண்டும் பயன்படுத்தும் தயாரிப்புச் சிக்கனத்துக்கும் உகந்தது. அந்த இரண்டு வசதிகளையும் மாறிக்கொண்டே இருக்கும் ஆடை குறைத்துவிடுகிறது.

இதற்கு ஒளிபரப்பின் நிறுவனச் சூழலும் இடமளித்தது. வணிக அலைவரிசைகளில் இவ்வகைத் தொடர்களைத் தாங்கி நிற்பவை பொம்மை நிறுவனங்களின் விளம்பரங்கள். மந்திரக்கோலும் கண்ணாடிப் பெட்டியும் குறிப்பிட்ட கால இடைவெளியில் புதிய வடிவில் கதைக்குள் நுழைவது பெரும்பாலும் அந்தத் தேவையால்தான். பார்வையாளரின் கட்டணத்தால் இயங்கும் என்.எச்.கே.யில் விளம்பர இடைவேளை இல்லை. சகுராவின் பெயராலும் பொம்மைகளும் சீட்டுக்கட்டுகளும் விற்பனையாயின என்பது உண்மையாயினும், பகுதிதோறும் ஒரு பொருளைக் காட்டியே தீர வேண்டும் என்னும் அழுத்தம் தளர்ந்திருந்ததால், வீட்டு வேலைப் பட்டியலை முறைவைத்துப் பகிரும் தந்தை, அண்ணன், தங்கை, சக்கரச் சறுக்குக் காலணியில் பள்ளிக்குப் போகும் காலைப் பொழுது, கணக்குப் பாடத்தின் மேலுள்ள அலுப்பு, பேய் என்றால் நடுங்கும் அச்சம் ஆகியவற்றுக்குத் தொடர் தாராளமாக நேரம் ஒதுக்கியது. மந்திரம் இந்த அன்றாடத்துக்குள்ளேயே நிகழ்கிறது. அதிலிருந்து தப்பிச் செல்லும் கதவாக அது அமையவில்லை.

பிடிப்பதும் அறிவதும்

முதற்பாதியின் அமைப்பு மேற்பார்வைக்குச் சேகரிப்பு விளையாட்டை ஒத்தது. ‘போகிமொன்’ விளையாட்டு 1996இலும் அதன் தொலைக்காட்சித் தொடர் 1997இலும் வெளிவந்து, எல்லாவற்றையும் பிடித்துச் சேர்க்கும் ஆசையைக் குழந்தைகளிடையே பரப்பியிருந்த காலம் அது. மாங்காவில் 19 ஆக இருந்த குளோ சீட்டுகளை அனிமே 52 ஆகப் பெருக்கியதில் தொடரின் நீளத்துக்கான தேவையோடு இந்தச் சூழலுக்கும் பங்கிருக்கலாம். ஆயினும் சீட்டுகளைப் பிடிக்கும் முறையை நோக்கினால் ஒப்புமை விரைவிலேயே விலகுகிறது.

ஒவ்வொரு சீட்டும் இயற்கையின் ஒரு கூறாகவோ ஒரு செயலாகவோ ஒரு குணமாகவோ உயிர்பெற்றது: காற்று, நீர், நிழல், மரம், உறக்கம், அழித்தல், பாட்டு, பூ. அவற்றுக்குத் தனித்தனியே மனமும் விருப்பமும் உண்டு. பள்ளி விளையாட்டு விழாவில் இதழ்களை மழையாகப் பொழியும் பூச்சீட்டுக்கு யாரையும் துன்புறுத்தும் எண்ணமில்லை. கொண்டாட்டத்தில் கலந்துகொள்ளவே அது வருகிறது. இரவில் இசை வகுப்பறையில் டோமோயோவின் குரலில் பாடும் பாட்டுச்சீட்டை அடக்க வலிமை பயன்படவில்லை. டோமோயோ உடன் சேர்ந்து பாடி அதை இசையவைத்த பிறகே அது சகுராவிடம் வருகிறது. சகுராவின் உருவத்தையே எடுத்து ஊரில் குறும்பு செய்த கண்ணாடிச்சீட்டு, அதன் உண்மையான பெயரைச் சகுரா கண்டறிந்து சொன்னதும் தன் வடிவத்துக்குத் திரும்புகிறது. தங்கையின் உருவில் வந்திருப்பது தங்கையன்று என்று அறிந்தும் அதனிடம் கனிவாகப் பேசும் அண்ணன் டோயாவால் அது மனம் நெகிழ்கிறது. இந்த நிகழ்ச்சி பின்னர் வரப்போவதை முன்னறிவிக்கிறது: சீட்டைத் தோற்கடிப்பது போதாது, அது யார், எதை வேண்டி வந்தது என்பதை அறிந்தாலன்றி அதைப் பெற முடியாது.

எனவே பிடித்தல் என்பது இங்கே பெரும்பாலும் அறிதலாக அமைகிறது. இதன் உறுதியான சான்று எதிர்த்திசையிலிருந்து கிடைக்கிறது. 2000இல் கனடாவின் நெல்வானா நிறுவனம் இத்தொடரைச் சிறுவர்களைக் கவரும் வீரச்செயல் தொடராகத் திருத்தியமைத்து ஆங்கிலத்தில் வழங்கியபோது, அமெரிக்கத் தொலைக்காட்சியில் 70 பகுதிகளில் 39 மட்டுமே இடம்பெற்றன. ஹாங்காங்கிலிருந்து வரும் போட்டியாளனான லீ ஷாவ்ரன் அறிமுகமாகும் எட்டாம் பகுதியே முதலாவதாக வைக்கப்பட்டது. நாயகியின் வீட்டையும் தோழமையையும் நிறுவும் முதல் ஏழு பகுதிகள் தொடக்கத்தில் இல்லாமலும், பாத்திரங்களுக்கிடையிலான அன்பின் பல இழைகள் நீக்கப்பட்டும் வந்த அந்த வடிவத்தில் எஞ்சியது சீட்டு வேட்டை மட்டுமே. உறவுகளை அகற்றினால் கதை சுருங்கிவிடும் என்பதைவிட, வேறொரு கதையாகவே ஆகிவிடும் என்பதை அந்தத் திருத்தம் தன்னையறியாமல் நிறுவியது.

மரபுரிமையிலிருந்து சொந்தத்துக்கு

46ஆம் பகுதியில் வரும் இறுதித் தீர்ப்பு கதையின் திருப்புமுனையாகும். எல்லாச் சீட்டுகளும் சேர்ந்தபின், கெர்பெரோஸ் சூரியனின் காவலராக இருப்பதுபோல நிலவின் காவலராகிய யுவே வெளிப்பட்டுச் சகுராவைச் சோதிக்கிறார். அவள் தோற்றால் ஊர் அழியப்போவதில்லை. சீட்டுகளோடு தொடர்புடைய அனைவரும் தமக்கு மிக அன்பானவர்மீது கொண்ட உணர்வை மறந்துவிடுவர் என்பதே தண்டனை. உலகின் அழிவைப் பந்தயமாக வைப்பது இவ்வகைக் கதைகளின் வழக்கமாக இருக்க, இங்கே பந்தயம் ஓர் உணர்வின் நினைவாகச் சுருங்கியிருக்கிறது. ஆனால் அத்தகைய உலகைக் கனவில் கண்டு விழிக்கும் சகுராவுக்கு அது எந்த அழிவுக்கும் குறைந்ததாகத் தோன்றவில்லை. ஆசிரியை மிசுகி கஹோ கொண்டுவந்த நிலவு மணியின் துணையோடு அவளுக்கு இரண்டாம் வாய்ப்புக் கிட்டுகிறது. கோலின் முனை விண்மீன் வடிவம் கொள்கிறது. முதன்முதலில் தன்னிடம் வந்த காற்றுச்சீட்டைக் கொண்டே அவள் யுவேயைக் கட்டி நிறுத்துகிறாள். வென்றபின் அவள் கேட்பது தலைமையை அன்று. தங்களோடு நட்பாக இருக்க விரும்புவதாகவே காவலர்களிடம் சொல்கிறாள்.

பழைய மரபில் கதை இங்கேயே முடிந்திருக்கும். சகுரா கதையின் இரண்டாம் பாதி எழுப்பும் கேள்வி புதியது: வென்று பெற்ற ஆற்றல் வென்றவளுடையதாகுமா? இங்கிலாந்திலிருந்து எரியோல் என்னும் மாணவன் வந்து சேர்ந்ததும் விநோத நிகழ்ச்சிகள் தொடங்குகின்றன. குளோவின் சொல்லால் இயங்கிய சாவி திறக்க மறுக்கிறது. பழைய மந்திரச் சொற்கள் பலிக்கவில்லை. தன் விண்மீனின் பெயரால் புதிய சொற்களைச் சகுராவே அமைக்கும்போதுதான் கோல் உருப்பெறுகிறது. குளோவின் ஆற்றலால் நிலைத்திருந்த சீட்டுகளை அவள் தன் ஆற்றலால் ஒவ்வொன்றாக மாற்றியாக வேண்டும். மாற்றப்படாதவை வெறும் தாள்களாகிவிடும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அவள் களைத்து உறங்கிவிடுகிறாள். மரபுரிமையாக வந்தது எதுவும் வந்தபடியே பயன்படாது, பெறுபவர் தம் உழைப்பைச் செலுத்தி அதை மறுபடி ஆக்கிக்கொள்ள வேண்டும் என்னும் கருத்தை இந்தக் களைப்பு உடல்வழி உணர்த்துகிறது.

இந்த இடத்தில்தான் கதைவகையின் பழைய சமன்பாடு தலைகீழாகிறது. மாமியிடமும் மோமோவிடமும் வளர்ச்சி என்பது மந்திரத்தின் இழப்பு. சகுராவிடம் வளர்ச்சி என்பது மந்திரத்தின் உரிமை மாறுவது. அவள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள், காதலை அறிகிறாள், பிரிவையும் அறிகிறாள். மந்திரமோ அவளை விட்டு நீங்கவில்லை. 2016இல் தொடங்கிய ‘கிளியர் கார்ட்’ தொடர்கதை அவளை நடுநிலைப்பள்ளி மாணவியாகக் காட்டும்போதும் மந்திரம் அவளிடமே இருக்கிறது. பெண்ணின் ஆற்றல் சிறுமிப் பருவத்தோடு தீரும் விடுமுறை என்னும் எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு அதுவரை இவ்வகையில் அரிதாகவே அமைந்தது.

கொடுப்பவர்கள்

உரிமையாதல் என்பது தனித்த சாதனையாகவும் வாசிக்கப்படலாம். அவ்வாசிப்பைத் தொடர் தடுக்கிறது. சகுராவின் வளர்ச்சிக்கு உரிய விலையில் ஒரு பகுதியை மற்றவர்கள் கொடுக்கிறார்கள். யுவேயும், அவர் தங்கியிருக்கும் மனித வடிவமான யுகிட்டோவும் சகுராவின் ஆற்றலால் நிலைத்திருக்க வேண்டியவர்கள். அவள் ஆற்றல் இன்னும் போதாமையால் யுகிட்டோ மறையத் தொடங்குகிறான். பேய்களைக் காணும் திறன் பெற்ற டோயா, இறந்துபோன தாய் நதேஷிகோவையும் அத்திறனால்தான் கண்டுவந்தான். யுகிட்டோவைக் காக்க அவன் தன் ஆற்றல் முழுவதையும் யுவேயிடம் கொடுத்துவிடுகிறான். அன்புக்குரிய நண்பனை நிறுத்திக்கொள்ளத் தாயின் தோற்றத்தை இழக்கும் இந்த ஈகை, தங்கையின் குறையை நிரப்புவதாகவும் அமைகிறது.

டோமோயோவின் கொடை இன்னும் நுட்பமானது. சகுராவின்மேல் அவள் கொண்ட அன்பு நட்பைக் கடந்தது என்பதைத் தொடர் மறைக்கவில்லை; தான் நேசிப்பவரின் மகிழ்ச்சியே தன் மகிழ்ச்சி என்னும் நிலையில் அவள் நின்று, ஷாவ்ரனின் காதல் கைகூடவும் துணை செய்கிறாள். மந்திரம் சிறிதும் இல்லாத அவள், தைப்பதாலும் உடன் செல்வதாலும் புரிந்துகொள்வதாலும் மந்திரச் செயலின் பங்காளியாகிறாள். முந்தைய கதைகளில் நாயகியின் இரகசியம் அவளைத் தனிமைப்படுத்தியது. இங்கே இரகசியத்தை அறிந்தோர் வட்டம் மெல்ல விரிந்து, தனிமைக்கு இடமில்லாமல் செய்கிறது. 2000இல் வெளிவந்த இரண்டாம் திரைப்படம் இதையே எதிரிக்கும் விரிக்கிறது. மற்றச் சீட்டுகள் அனைத்துக்கும் எதிரெடையாகக் குளோ படைத்துத் தனியே அடைத்து வைத்த ‘இன்மை’ என்னும் சீட்டு, தனிமையால் எல்லாவற்றையும் விழுங்குகிறது. சகுராவின் உணர்விலிருந்து பிறந்து பெயரின்றி இருந்த சீட்டோடு அது ஒன்றி ‘நம்பிக்கை’ ஆகிறது. ஐம்பத்து மூன்றாவதான அந்தச் சீட்டு குளோவின் படைப்பும் சகுராவின் படைப்பும் கலந்து பிறந்தது என்பது, உரிமையாதல் பற்றி இதுவரை கூறியதன் முடிவான வடிவம்.

மறுப்புகளும் வரம்புகளும்

இவ்வாசிப்புக்கு எதிராக மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, எரியோல் குளோவின் மறுபிறப்பு என்பதும் எல்லா நிகழ்ச்சிகளையும் குளோவே முன்னறிந்து அமைத்தார் என்பதும் வெளிப்படும்போது, சகுராவின் உரிமை ஒரு முன்னோரின் திட்டம் நிறைவேறியதாக மட்டும் ஆகிவிடாதா என்பது. இம்மறுப்பில் வலுவுண்டு; நிலவு மணிகூடக் குளோ விட்டுச்சென்றதுதான். ஆயினும் அத்திட்டத்தின் நோக்கம் தன் ஆட்சியை நீட்டிப்பதாக இல்லை, தன் ஆற்றலை விட்டு நீங்குவதாக இருக்கிறது. மாங்காவில் இது மேலும் தெளிவாகிறது: குளோவின் மறுபிறப்பு எரியோலும் சகுராவின் தந்தையுமாக இரண்டாகப் பிரிந்திருக்க, அளவுமீறிய ஆற்றலைச் சுமப்பதிலிருந்து விடுபடுவதே அந்த முன்னோரின் விருப்பமாக இருக்கிறது. முன்னோர் தம் பிடியை விட்டாலன்றிப் பின்னோர் எதையும் தமதாக்க முடியாது என்னும் உண்மையைக் கதை மறைக்கவில்லை. சகுராவின் சுதந்திரம் முழுமையானதன்று; அது கொடுக்கப்பட்ட இடத்துக்குள் ஈட்டப்பட்ட சுதந்திரம். கல்வியும் வளர்ப்பும் குழந்தைக்குத் தருவது பெரும்பாலும் அத்தகைய சுதந்திரத்தையே.

இரண்டாவது மறுப்பு பார்வை பற்றியது. டோமோயோவின் நிகழ்படக் கருவி சகுராவை ஓயாமல் பதிவு செய்கிறது; தொடருக்கு வெளியிலும் வளர்ந்த ஆண்கள் பெருந்திரளாக ரசிகராயினர். சைத்தோ தமாகி 2000இல் வெளியிட்ட நூலில் போரிடும் அழகிய சிறுமியின் உருவம் ஆண் ரசிகரின் ஆசையோடு கொண்ட உறவை உளப்பகுப்பாய்வு வழியில் ஆராய்ந்தார்; கதையை விடப் பாத்திரக் கூறுகளைப் பிரித்தெடுத்து நுகரும் ரசனையை அஸுமா ஹிரோகி 2001இல் விவரித்தார். சகுராவின் ஆடைகளும் தோற்றமும் அந்த நுகர்வுக்கு எளிதில் இரையாயின என்பதை மறுக்க இயலாது. ஆனால் ஒரு படைப்பு எவ்வாறு நுகரப்பட்டது என்பதும் எவ்வாறு கட்டப்பட்டது என்பதும் தனித்தனியே விடை தேட வேண்டிய கேள்விகள். கதைக்குள் அந்தக் கருவியின் பின்னால் நிற்பவள் சகுராவுக்கு நேர்நின்று பேசும் தோழி, அவளுக்காக இழப்பை ஏற்பவள். பொறுப்பு ஏதுமின்றிப் பார்த்து நுகரும் பார்வையாளனுக்கு அந்த இடம் பொருந்தாது.

மூன்றாவது மறுப்பே உண்மையில் கனமானது. எல்லா அன்பும் ஒரே மதிப்புடையது என்னும் தொடரின் கொள்கை, ஒருபாலினரிடையிலான நேசத்தைச் சிறுமியர் இதழில் இயல்பானதாகக் காட்டியதன் வழியாக நன்மை செய்தது. அதே கொள்கை வயதும் அதிகாரமும் உருவாக்கும் ஏற்றத்தாழ்வைப் பார்க்கத் தவறியது. சகுராவின் தாய் பதினாறு வயதில் தன் ஆசிரியரை மணந்ததை அழகிய நினைவாகக் கதை போற்றுகிறது. மாங்காவில் நான்காம் வகுப்பு மாணவிக்கும் வகுப்பாசிரியருக்கும் இடையே இருதரப்பு ஈர்ப்பு இருப்பதாக, எந்தக் கண்டனமும் இன்றி எழுதப்பட்டிருக்கிறது. ஆசிரியரின் பொறுப்பைத் துறக்கும் செயலை அன்பின் வகைகளுள் ஒன்றாக வரிசைப்படுத்துவது ஏற்கத்தக்கதன்று. அனிமே அதை மாணவியின் மனத்துக்குள் அடங்கிய பிரியமாகக் குறைத்துக்கொண்டது, தயாரித்தோரும் அந்தச் சிக்கலை உணர்ந்திருக்கலாம் என்று எண்ணத் தூண்டுகிறது. உறவுகளை அடிப்படையாகக் கொண்ட ஒரு படைப்பு, உறவுக்குள் அதிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கேட்காமல் விடும்போது, அதன் அறநோக்கு தன் வலிமையான இடத்திலேயே பழுதுபடுகிறது.

பின்வந்த படைப்புகளும் முடிவும்

சகுராவின் அமைப்பு பின்வந்தோருக்குத் தொடக்கப் புள்ளியாகவும் மறுக்க வேண்டிய கருத்தாகவும் பயன்பட்டது. 2004இல் வந்த ‘லிரிக்கல் நானோஹா’ ஒன்பது வயது நாயகியையும் சிதறிய மந்திரப் பொருள்களைத் தேடிச் சேர்க்கும் கட்டமைப்பையும் எடுத்துக்கொண்டு, கோலைப் போர்க்கருவியாக்கி நட்பை மோதலின் விளைவாக மாற்றியது. அத்தொடரை இயக்கிய ஷின்போ அகியுகியே 2011இல் 12 பகுதிகளாக வழங்கிய ‘மடோகா மாஜிகா’, ஒரு விருப்பத்துக்கு விலையாகத் தம் வாழ்வை அடகு வைக்கும் சிறுமியர் இறுதியில் தாமே சூனியக்காரிகளாக மாறுவதைக் காட்டியது. மந்திரம் ஒப்பந்தத்தால் வரும்போது அது ஒருநாளும் சிறுமியின் சொந்தமாகாது, கொடுத்தவனின் கணக்கிலேயே இருக்கும் என்பது அதன் கண்டுபிடிப்பு. மடோகாவின் இருளைச் சகுராவின் ஒளிக்கு நேரெதிராக வைப்பது வழக்கமாகிவிட்டது. எனினும் இரு படைப்புகளும் கேட்பது ஒரே கேள்வியை: சிறுமியின் கையிலுள்ள ஆற்றல் யாருடையது?

அந்தக் கேள்விக்கு முந்தைய மரபு தந்த விடை, ஆற்றல் மந்திர நாட்டுக்கோ கால வரையறைக்கோ உரியது என்பது. மடோகா தந்த விடை, அது சுரண்டுபவனுக்கு உரியது என்பது. இவற்றுக்கு நடுவே சகுரா தரும் விடை நிபந்தனைகளோடு கூடியது: பெற்றவள் அதை அறிந்து, உழைத்து, தன் பெயரால் மறுபடி ஆக்கி, உடனிருப்போரின் கொடையையும் ஏற்றுக்கொண்டால் அது அவளுடையதாகும்; கொடுத்த முன்னோர் தம் பிடியை விடவும் வேண்டும். இந்த நிபந்தனைகளுள் எது குறைந்தாலும் உரிமை நிறைவேறாது. ஆசிரியர் மாணவியர் உறவில் தொடர் தடுமாறுவதும், வளர்ந்தோர் தம் அதிகாரப் பிடியை விட வேண்டும் என்னும் கடைசி நிபந்தனையை அங்கே தானே மறந்துவிடுவதால்தான். ஆகவே மந்திரச் சிறுமிக் கதைகளை மதிப்பிடுவோர், நாயகி எவ்வளவு வலியவள், எத்தனை எதிரிகளை வென்றாள் என்று கணக்கிடுவதைவிட, அவள் கையிலிருப்பது யாரிடமிருந்து வந்தது, எந்த உழைப்பால் அவளுடையதாயிற்று, கதை முடிந்தபின் அவளிடம் அது எஞ்சுகிறதா என்று கேட்பது பயன்தரும். அந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கும்போது, மென்மையான குழந்தைக் கதை என்று ஒதுக்கப்படும் ‘கார்ட்கேப்டர் சகுரா’ இவ்வகையின் கருத்து வரலாற்றில் ஒரு திருப்பமாகவே நிற்கிறது.